தோல் விரிப்பில் ஒரு விருந்து: பெருநாளும் பாலாடைக்கட்டியும்

நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தில், நம் பெண்களில் பலர் அடுப்படியிலேயே நிற்கின்றனர். வட்டிலப்பம் முந்தைய இரவே வெந்துவிட்டது; கடற்பாசி உறைந்துவிட்டது; ஆனால் சமோசா இனித்தான் பொரிய வேண்டும், பிரியாணிக்குத் தம் போட வேண்டும். வாசலில் ஸலாம் சொல்லி வருவோரைக் கூடத்தில் அமர்த்தி நலம் விசாரிக்க வீட்டுத்தலைவிக்கு நேரமில்லை. முப்பது நாள் நோன்பு நோற்று, ஸஹருக்கு எழுந்து சமைத்த அவருக்குப் பெருநாளும் இன்னொரு வேலை நாளாகவே கழிகிறது.

இந்தச் சுமையைக் குறைக்க, சீஸ் வைத்துச் சில எளிய சிற்றுண்டிகளைச் செய்து விருந்தினரை வரவேற்கலாம் என்று வீட்டுப் பிள்ளைகள் இப்போது சொல்கின்றனர். மூத்தவர்களிடமிருந்து இரண்டு மறுப்புகள் எழுகின்றன. ‘அது வெள்ளைக்காரர் தீனி, நம் பெருநாளுக்கும் அதற்கும் என்ன உறவு?’ என்பது ஒன்று. ‘அதில் என்ன கலந்திருக்கிறதோ, யார் கண்டது?’ என்பது மற்றொன்று. முதல் மறுப்பு வரலாற்றின் முன் நிற்காது. இரண்டாவது மறுப்போ ஏறத்தாழ இஸ்லாமிய வரலாற்றின் வயதை உடையது. மதித்துப் பதில் சொல்லத்தக்கது.

நோன்பு கடமையாக்கப்பட்ட ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டிலேயே ஸதக்கத்துல் ஃபித்ரும் விதிக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அதை எவ்வெப்பொருளாகக் கொடுத்து வந்தார்கள் என்பதை அபூஸஈத் அல்குத்ரி (ரலி) அறிவித்துள்ளார்கள். உணவு, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் ‘அகித்’ என்றொரு பொருளும் இருக்கிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் இச்சொல்லைப் ‘பாலாடைக்கட்டி’ என்று படித்துவிட்டு நாம் கடந்துபோகிறோம். வெண்ணெய் எடுத்த மோரைக் காய்ச்சி, நீரை வடித்து, கையால் உருட்டி, வெயிலில் கல்லாகும்வரை உலர்த்திய கட்டியே அகித். ஆட்டு மந்தையை நம்பி வாழ்ந்த பாலைவன மக்களுக்கு, பால் வற்றும் பருவத்தைக் கடக்க உதவிய சேமிப்பு அது. நாம் அரிசியையோ அதன் கிரயத்தையோ ஃபித்ராவாகக் கொடுக்கும் அதே காலை வேளையில், அன்றைய மதீனாவின் ஏழை ஒருவர் ஒரு ஸாஉ அகித்தைப் பெற்றுத் தம் பெருநாளைத் தொடங்கியிருக்கலாம். ஆகவே பெருநாளுக்கும் பாலாடைக்கட்டிக்கும் என்ன உறவு என்று கேட்பவர், ஃபித்ராவின் பட்டியலையே ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

விருந்தோம்பலுக்கும் இதே பொருள் உதவிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு (கி.பி. 628) கைபரிலிருந்து படை திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் மூன்று நாள் தங்கிய இடத்தில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுடனான நபியவர்களின் திருமண விருந்து நடந்தது. மணமகளை அலங்கரித்தவர் உம்மு சுலைம் (ரலி). விருந்துக்கு மக்களை அழைத்த அனஸ் (ரலி) அவர்களே, அந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். தோல் விரிப்புகள் விரிக்கப்பட்டன. இருப்பவர் இருப்பதைக் கொண்டுவரும்படி சொல்லப்பட்டது. ஒருவர் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார், ஒருவர் நெய் கொண்டுவந்தார், மற்றொருவர் அகித் கொண்டுவந்தார். மூன்றையும் பிசைந்து ‘ஹைஸ்’ என்னும் உணவாக்கினார்கள். அதுவே அல்லாஹ்வின் தூதருடைய வலீமா.

அடுப்பு மூட்டாத விருந்து இது. பயணத்தில் வேறு வழியில்லாததால் அவ்வாறு நடந்தது என்று ஒருவர் சொல்லலாம், ஓரளவு உண்மைதான். ஆனால் அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் திருமணம் மதீனாவிலேயே நடந்தது. அப்போதும் இதே உம்மு சுலைம் (ரலி), பேரீச்சம்பழமும் நெய்யும் அகித்தும் சேர்த்து ஹைஸ் செய்து, ஒரு பாத்திரத்தில் இட்டுத் தம் மகன் அனஸிடம் கொடுத்தனுப்பினார். கூடியவர்கள் ஏறத்தாழ 300 பேர். பத்துப் பத்துப் பேராக அமர்ந்து உண்டனர். ஸஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் வழக்கம் இன்றும் உள்ள நம் ஊர்களில், இக்காட்சியை எளிதாகக் கற்பனை செய்துகொள்ள முடியும். நாம் ‘சுப்ரா’ என்று விரிக்கும் துணிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் பெயர் தந்த அரபுச் சொல், முதலில் பயணியின் கட்டுச்சோற்றையும், அதைப் பிரித்து வைத்து உண்ணும் தோல் விரிப்பையுமே குறித்தது.

இனி, இரண்டாவது மறுப்பு. அகித்தைப் பற்றி மார்க்கச் சிக்கல் எதுவும் எழவில்லை. மோர் தானாகப் புளித்தது, காய்ச்சினால் திரிந்தது, அதில் வேறெதுவும் சேரவில்லை. ஆனால் அரபியர் ‘ஜுப்ன்’ என்று அழைத்த, ஷாம், பாரசீகம் ஆகிய நாடுகளில் செழித்த பாலாடைக்கட்டி வேறு வகையைச் சேர்ந்தது. புளிக்காத பாலைத் திடமாக்க அதற்கு ஓர் உறை தேவை. பால்குடி மறவாத கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் என்ற பொருளே அந்த உறை. அரபியில் அதற்கு ‘இன்ஃபஹா’ என்று பெயர். குட்டியை அறுத்தவர் யார், அறுத்தது முறைப்படிதானா, அல்லது அது தானே செத்ததா என்ற கேள்விகள் அங்கேதான் பிறக்கின்றன.

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு தபூக் பயணத்தில், ஷாம் எல்லையருகே, நபி (ஸல்) அவர்களிடம் ஜுப்ன் கொண்டுவரப்பட்டது. அவர்கள் கத்தியை வரவழைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, அதை அறுத்தார்கள். இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. பின்னர் இராக் வெற்றிகொள்ளப்பட்டபோது, நெருப்பை வணங்கிய மஜூஸிகள் செய்த பாலாடைக்கட்டி ஸஹாபாக்களின் முன் வந்தது. மஜூஸிகள் அறுத்த இறைச்சி ஆகுமானதன்று. அவ்வாறாயின் அந்தக் கன்றின் இரைப்பையில் உறைந்த பால்?

இங்கே இமாம்களின் வழிகள் பிரிகின்றன. இறந்த பிராணியின் ரென்னெட்டும் தூய்மையானதே என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. முறைப்படி அறுக்கப்பட்ட, பால் தவிர வேறெதுவும் உண்ணாத குட்டியின் ரென்னெட் மட்டுமே தூய்மையானது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஸஹாபாக்கள் இராக்கில் மஜூஸிகளின் பாலாடைக்கட்டியை உண்டது பரவலாக அறியப்பட்டது என்பதைச் சான்றாகக் காட்டி, இப்னு தைமிய்யா (ரஹ்) தூய்மை என்ற பக்கத்தை வலுப்படுத்தினார். இது எங்கோ நடந்த ஏட்டுச் சர்ச்சை அன்று. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபும் வழங்குகின்றன. இரு பக்கத்தாரும் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் உண்டு. ஒரே பெருநாள் விருந்தில் ஒரு சம்பந்தி தயங்காமல் எடுக்கும் துண்டை இன்னொரு சம்பந்தி தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தால், அது பிடிவாதமன்று. இருவர் பின்னும் ஆயிரம் ஆண்டுக் கல்வி நிற்கிறது. அதை அறியாமல் ஒருவரை ஒருவர் எள்ளுவதுதான் வருத்தம் தருவது.

கடல் வணிகம் பெருகியபோது இக்கேள்வி சந்தைக்கு வந்தது. அந்தலூஸின் தொர்த்தோஸா நகரில் பிறந்து, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் குடியேறி, 1126-இல் மறைந்த அபூபக்ர் அத்துர்தூஷீ என்ற மாலிக்கி அறிஞர், அரசியல் அறம் பேசும் ‘சிராஜுல் முலூக்’ நூலால் புகழ்பெற்றவர். ரோமானியர் நாட்டிலிருந்து கப்பலில் வந்த பாலாடைக்கட்டி ஹராம் என்று நிறுவுவதற்கென்றே அவர் தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். துறைமுகச் சந்தையில் மலிந்து கிடந்த ஓர் உணவை எதிர்த்து ஓர் அறிஞர் நூலே எழுத வேண்டியிருந்தது என்றால், மக்கள் அதை எவ்வளவு விரும்பி வாங்கியிருப்பர் என்பது சொல்லாமலே விளங்கும்.

அதே காலத்து எகிப்தில் யூதர்களுக்கும் இதே கவலை இருந்தது. கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் உள்ள யூத ஆலயம் ஒன்றின் அறையில் நூற்றாண்டுகளாகக் குவிந்து கிடந்த காகிதங்களை ‘கெனிஸா ஆவணங்கள்’ என்பர். சிசிலி முதலிய இடங்களிலிருந்து வந்த பாலாடைக்கட்டி தங்கள் மதச்சட்டப்படி செய்யப்பட்டதுதான் என்று உறுதியளிக்கும் சான்றுகள் அவற்றினிடையே கிடைத்துள்ளன. இன்று பொட்டலத்தின் மேல் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கும் நம் கை, ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவின் கடைத்தெருவிலும் அவ்வாறே திருப்பிப் பார்த்திருக்கும்.

சந்தேகம் ஒருபுறம் இருக்க, சமையல் தன் வழியில் வளர்ந்தது. ‘ஜுப்ன்’ என்ற சொல்லிலிருந்தே பெயர் பெற்ற ‘முஜப்பனா’ என்ற பலகாரம் அந்தலூஸின் பெருமிதமாக விளங்கியது. மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்து எண்ணெய்யில் பொரித்து, மேலே சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவி அதைப் பரிமாறினர். ஷரீஷ் (இன்றைய ஹெரெஸ்) நகருக்குப் போயும் முஜப்பனா உண்ணாமல் திரும்பியவன் பேறிழந்தவன் என்னும் பொருளில் ஒரு வழக்கே இருந்ததாக, பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியிருக்கிறார்.

13-ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் தொகுத்த அந்தலூஸியச் சமையல் நூல் ஒன்று நம் காலம்வரை பிழைத்து வந்துள்ளது. முஜப்பனாவை ஒரே வகைப் பாலாடைக்கட்டியால் செய்யக்கூடாது என்று அவர் அதில் வற்புறுத்துகிறார். செம்மறியாட்டுப் பாலில் செய்ததை மட்டும் வைத்தால் உதிர்ந்து வெளியே ஓடிவிடும். பசும்பாலில் செய்ததை மட்டும் வைத்தால் ஒரே கட்டியாக இறுகிவிடும். ஆகவே செம்மறிக் கட்டி முக்கால் பங்கு, பசுவின் கட்டி கால் பங்கு. அடுப்பருகே நின்று பலமுறை கெடுத்துப் பார்த்தவர்தான் இவ்வளவு துல்லியமாக எழுத முடியும். குர்துபாவும் இஷ்பீலியாவும் தந்த தத்துவ நூல்களைப் போற்றும் நாம், இந்தக் கால் பங்கையும் அந்நாகரிகத்தின் கணக்கில் சேர்ப்பது முறை.

இதே நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ரஸீன் அத்துஜீபீயின் கதை நெஞ்சை வருத்துவது. 1227-இல் முர்சியாவில் பிறந்தவர். ஊர் காஸ்திலிய அரசின் பிடிக்குள் சென்றபின் இளவயதிலேயே அங்கிருந்து வெளியேறி, வட ஆப்பிரிக்க நகரங்களில் அலைந்து, 1293-இல் தூனிஸில் மறைந்தார். அகதி வாழ்வில் அவர் எழுதியவற்றுள் ஒன்று, தாம் இழந்த நாட்டின் உணவுகளைப் பற்றிய பெரும் சமையல் நூல். அதில் முஜப்பனாவுக்கும் இடம் உண்டு. நவால் நஸ்ரல்லா என்ற இராக்கிய அறிஞர் அந்நூலை முழுமையாக ஆங்கிலத்தில் தந்தது 2021-இல்தான். ஊரை மீட்க முடியாதவர் ஊரின் அடுப்பை ஏட்டில் ஏற்றினார்.

1492-இல் கிரானடா வீழ்ந்தது. 1609 முதல் மொரிஸ்கோக்கள் நாடுகடத்தப்பட்டனர். முஜப்பனா மட்டும் பெயரை ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. ஸ்பெயினின் கிழக்குப் பகுதிகளில் ‘அல்மொஹாபனா’ என்ற பெயரில் இன்றும் ஒரு பலகாரம் உண்டு. அதில் பாலாடைக்கட்டியே இல்லை. ஆனால் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொலம்பியா சென்ற அல்மொஹாபனாவில், மக்காச்சோள மாவோடு பாலாடைக்கட்டி சேர்ந்தே இருக்கிறது. பொகோட்டா நகர அடுமனையில் காலையில் அதை வாங்கி உண்பவருக்கு, தம் வாயில் இருப்பது ஓர் அரபுச் சொல் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கிழக்கில் இந்த மரபு அறுபடவே இல்லை. பாலஸ்தீனத்தில் பாலாடைக்கட்டிகள் ஊர்ப்பெயரையே தாங்கி நிற்கின்றன. நாப்லுஸ் ஊருக்கு ‘நாபுல்ஸி’. அக்கா நகருக்கு ‘அக்காவி’. நாபுல்ஸி உப்புநீரில் கிடந்து பதப்படும் வெண்ணிறக் கட்டி. கருஞ்சீரகம் கலந்தும் செய்வர். அதன் உப்பை நீரில் ஊறவைத்துப் போக்கி, மேலே மாவு இழைகள் பரப்பி, சுட்டு, பாகு ஊற்றினால் அதுவே குனாஃபா. ரமளான் இரவுகளில் ஷாம் நாட்டு வீடுகளில் ‘கதாயிஃப்’ என்ற சிறு அப்பத்தை மடித்து, உள்ளே கொட்டைப் பருப்போ இனிப்புச் சேர்த்த பாலாடைக்கட்டியோ வைப்பர். துருக்கியிலோ மெல்லிய மாவுத்தாளில் வெண்கட்டியும் நறுக்கிய தழையும் வைத்து, சுருட்டுப் போலச் சுற்றிப் பொரித்த ‘பொரெக்’ வந்தவர்க்கெல்லாம் நீட்டப்படுகிறது.

நம் வீடுகளுக்குச் சீஸ் வந்த வழி பெரும்பாலும் வளைகுடா வழி. சபர் முடித்துத் திரும்பியவர்களின் பெட்டியில் சோப்பு, தைலம், பால்மாவு ஆகியவற்றோடு நீலநிறத் தகர டப்பாவில் கிராஃப்ட் சீஸும் இருந்தது. கட்டியை உருக்கிப் பதப்படுத்தி நெடுநாள் கெடாமல் வைக்கும் முறைக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையினருக்குத் தகரத்தில் அடைத்து அனுப்பப்பட்டதும் அந்தச் சீஸ்தான். அதே தகரம் ஒரு நூற்றாண்டின் பயணத்தில் நம் பரண்வரை வந்து சேர்ந்தது. அந்த டப்பாவைத் திறக்கும் நாளில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டு கிடைக்கும். அன்று ரென்னெட் பற்றி யாரும் கேட்டதாக நினைவில்லை.

இன்று கேட்பது எளிது. 1960-களுக்குப் பின் பூஞ்சையிலிருந்து பெறப்படும் உறை பரவலாயிற்று. கன்றின் இரைப்பையில் உள்ள அதே நொதியை நுண்ணுயிர்களைக் கொண்டு உற்பத்தி செய்ய 1990-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. இந்தியாவில் விற்கும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்கு ரென்னெட் அதில் இல்லை என்று பொருள். ஷாஃபிஈ வீட்டாரின் முதன்மையான ஐயம் அத்துடன் தீர்கிறது. ஆனால் பச்சைப் புள்ளி மதுவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒயினிலோ பீரிலோ ஊறவைத்த வெளிநாட்டு வகைகளும் உண்டாதலால் பொருட்பட்டியலைப் படிக்க வேண்டும். இத்தாலியின் அசல் பார்மிஜானோ, விதிப்படியே கன்று ரென்னெட்டால் செய்யப்படுவது. அதை வாங்க நினைப்பவர் தம் மத்ஹப் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நம் பன்னீரோ எலுமிச்சைச் சாற்றிலேயே திரிவது. அகித்தைப் போல அதிலும் ரென்னெட்டுக்கு வேலை இல்லை.

பெருநாளுக்கு என்ன செய்யலாம்? பேரீச்சம்பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்து, உள்ளே சிறிது கிரீம் சீஸும் ஒரு பாதாம் பருப்பும் வைப்பதற்கு அடுப்பே வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை செய்துவிடும். உப்புநீர்க் கட்டி கிடைத்தால், ஒரு மணிநேரம் தண்ணீரில் போட்டு உப்பைக் குறைத்து, சிறு சதுரங்களாக அரிந்து, கருஞ்சீரகமும் கிள்ளிய புதினாவும் ஆலிவ் எண்ணெய்யும் சேர்த்து வைக்கலாம். ஹைஸ் செய்ய விரும்புவோர் மென்மையான பேரீச்சம்பழத்தை வெதுவெதுப்பான நெய்யில் பிசைந்து, உலர்ந்த அகித் கிடைத்தால் இடித்துச் சேர்க்கலாம். வளைகுடாவில் இருப்போர்க்கு அங்காடியிலேயே கிடைக்கும். கிடைக்காத ஊரில், வாணலியில் நீர் வற்றும்வரை புரட்டி ஆறவைத்த பன்னீர்த் துருவல் ஏறக்குறைய அந்தப் பணியைச் செய்யும். அகித்தின் புளிப்பு மட்டும் வராது.

பொரித்தது ஒன்றாவது வேண்டும் என்போர்க்கு முஜப்பனாவின் கணக்கே போதும். பன்னீர் உருகாது, உதிரும். மொசரெல்லா உருகி இழுபடும். துருவிய பன்னீர் மூன்று பங்கு, மொசரெல்லா ஒரு பங்கு, கொஞ்சம் புதினா, மிளகுத்தூள். சமோசாப் பட்டையில் விரல் கனத்துக்கு வைத்துச் சுருட்டி, ஓரங்களை மைதாப் பசையால் இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். சிறு துளை இருந்தாலும் எண்ணெய்யில் வெடிக்கும். முந்தைய நாள் மாலையில் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டால், தொழுகை முடிந்து முதல் விருந்தினர் செருப்பைக் கழற்றும்போது எண்ணெய்யைச் சூடாக்கினால் போதும். பிள்ளைகளுக்குச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிக் கொடுக்கலாம். ஷரீஷில் அப்படித்தான் உண்டார்கள்.